வஞ்சிரத்துக்கும் உப்பு போடணும், ஜிலேபிக்கும் உப்பு போடணும்: சோடியம் பற்றி ஒரு நீண்ட இழை

மக்களே, ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைக்கிற வீடா உங்க வீடு? அப்போ ஒரு கேள்வி.

ஒரு லிட்டர் கடல் தண்ணியில ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கு. வஞ்சிரம் பிறந்ததுல இருந்து பிடிபடற வரைக்கும் அந்தத் தண்ணிக்குள்ளயேதான் கிடக்குது. அப்புறம் ஏன் வஞ்சிரக் குழம்புக்கு நாம உப்பு போடறோம்?

இன்னொரு கேள்வி. ஜிலேபி வாழறது ஏரியில, நல்ல தண்ணியில. ஆனா ஜிலேபிக் குழம்புக்குப் போடற உப்பும் வஞ்சிரக் குழம்புக்குப் போடற உப்பும் ஏறக்குறைய ஒரே அளவுதான். எப்படி?

பதில்: கடல் மீனோட ரத்தம், கடல் தண்ணியில சுமார் மூணுல ஒரு பங்கு அடர்த்திதான். ஏரி மீனோட ரத்தம் அதைவிடக் கொஞ்சம் கம்மி. நம்ம ரத்தமும் கிட்டத்தட்ட அதே அளவுல வரும். வெளியில எவ்ளோ உப்பு இருந்தாலும், உள்ள எவ்ளோ இருக்கணும்னு மீனோட உடம்புதான் முடிவு பண்ணுது. உயிர் இருக்கிற வரைக்கும் அந்தக் காவல் இருக்கும். செத்த பிறகு உப்பு ஏத்தினாதான் கருவாடு.

இது புரிஞ்சா, எங்க வார்டுல அடிக்கடி காதுல விழற ஒரு வசனம் எவ்ளோ அரைகுறைன்னு உங்களுக்கே புரியும்.

"சோடியம் கம்மி ஆயிடுச்சாம். சாப்பாட்டுல உப்பு சேர்த்துக்கச் சொல்லிட்டாங்க."

நான் அரசு மருத்துவமனை டாக்டர், எம்பிபிஎஸ். ஹார்மோன் ஸ்பெஷலிஸ்ட் இல்லை. வீடு இரும்புலியூர். இந்த வசனத்தை நானே பல டிஸ்சார்ஜ் சீட்டுல எழுதியிருக்கேன். இப்போ எழுதறதில்லை. ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்த இழை.

சில மாசம் முன்னாடி ஒரு நைட் டூட்டி. (ஆளை அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) 43 வயசு அம்மா ஒருத்தரை அவங்க பொண்ணு ஆட்டோவுல கூட்டிட்டு வந்தாங்க. ரெண்டு நாளா வாந்தி. கூப்பிட்டா கண்ணைத் திறப்பாங்க, திரும்ப மயக்கம். பிபி 80/50. சுகர் 62. சோடியம் 114.

சோடியம் சாதாரணமா 135 முதல் 145 வரைக்கும் இருக்கணும். 114ன்னா ஃபிட்ஸ் வரலாம், கோமா வரலாம், உயிரே போகலாம்.

பையில பழைய ஃபைல் இருந்தது. மூணு வருஷத்துல ரெண்டு தடவை வேற இடங்கள்ல அட்மிஷன். ஒரு தடவை சோடியம் 122, ஒரு தடவை 119. ரெண்டு தடவையும் சலைன் ஏத்தி அனுப்பியிருக்காங்க. ரெண்டு சீட்டுலயும் கடைசி வரி: உணவில் உப்பு சேர்க்கவும்.

பொண்ணு சொன்னது இன்னும் காதுல இருக்கு. "டாக்டர், நாங்க உப்பு நிறையத்தான் போடறோம். ஊறுகாய், அப்பளம், மோர்ல உப்புன்னு எல்லாம் குடுக்கறோம். அப்படியும் திரும்பத் திரும்ப இறங்குது. என்ன தப்பு பண்றோம்னே தெரியலை."

அந்தப் பொண்ணுக்கு 19 வயசு. மூணு வருஷமா அம்மாவுக்கு உப்பு பத்தலைன்னு தன் சமையலையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்திருக்கு.

நானும் முதல்ல பழைய வழியிலதான் யோசிச்சேன். சீனியர் பிசிஷியனுக்கு ஃபோன் போட்டேன். பிபி, சுகர், சோடியம் மூணும் குறைவுன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி இது: "கடைசிப் பிரசவத்துல ரத்தம் நிறைய போச்சா? குழந்தைக்குப் பால் வந்துச்சான்னு கேளு."

சோடியம் 114க்கும் தாய்ப்பாலுக்கும் என்ன சம்பந்தம்? அதைப் புரிஞ்சுக்க முதல்ல மீன்கிட்ட போகணும். கொஞ்சம் பொறுமையா கூட வாங்க.

நல்ல தண்ணி மீனோட பிரச்சினை என்னன்னா, வெளியில உப்பே இல்லை, உள்ள உப்பு இருக்கு. அதனால செவுள் வழியா தண்ணி உள்ள ஏறிக்கிட்டே இருக்கும், உப்பு வெளியே கசிஞ்சுக்கிட்டே இருக்கும். சும்மா விட்டா ரத்தம் நீர்த்துப்போயி செத்துடும். அதனால ஏரி மீன் தண்ணி குடிக்கிறதே இல்லைன்னு சொல்லலாம். நிறைய, ரொம்ப நீர்த்த சிறுநீர் போகும். செவுள்ல இருக்கிற சில சிறப்பு செல்கள், தண்ணியில இருக்கிற துளியூண்டு உப்பையும் உள்ள இழுக்கும்.

கடல் மீனுக்கு நேர் எதிர். உடம்புல இருக்கிற தண்ணியை கடல் உறிஞ்சிக்கிட்டே இருக்கும். சுத்தியும் தண்ணி, ஆனா எப்பவும் தாகம். அதனால கடல் தண்ணியையே குடிக்கும். கூடவே வர்ற உப்பை செவுள் செல்கள் வெளியே தள்ளும். சிறுநீர் ரொம்பக் கொஞ்சம்தான்.

கடல் மீன் தண்ணி குடிக்குதுன்னு 1930ல காட்டினவர் ஹோமர் ஸ்மித். கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு நமக்குப் புரிய வெச்சவர்கள்ல பெரிய ஆள். அடுத்த வருஷமே விலாங்கு மீனோட செவுள் உப்பை வெளியே தள்ளுதுன்னு சோதனை செஞ்சு காட்டினவர் ஆன்செல் கீஸ். பேர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? கொழுப்புக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பு பத்தின சண்டைகள்ல இன்னிக்கும் அடிபடற அதே கீஸ்தான்.

சுறாவுக்கு மட்டும் வேற வழி. அது யூரியாவை ரத்தத்துலயே சேத்து வெச்சுக்கிட்டு, கடலோட அடர்த்திக்குச் சமமா நிக்கும். நம்ம ரத்தத்துல யூரியா 40 மில்லிகிராம் தாண்டினாலே கிட்னி டெஸ்ட் எழுதுவோம். சுறாவுக்கு சுமார் 2000 இருக்கும், ஜம்முனு நீந்தும். பழைய சுறாவை வெட்டினா மூக்கைத் துளைக்கிற அந்த அமோனியா நெடி இந்த யூரியா கெட்டுப்போறதால வர்றதுதான்.

சரி. இதுக்கெல்லாம் யார் ஆணை போடறது?

இதுக்கு உலகத்துல அதிகமா ஆராய்ச்சி செய்யப்பட்ட மீன்கள்ல ஒண்ணு நம்ம ஜிலேபி. பூர்வீகம் ஆப்பிரிக்காவோட தென்கிழக்குப் பக்கம். 1952ல இந்தியாவுக்குக் கொண்டுவந்தாங்க. இன்னிக்கு தாம்பரம் சுத்துவட்டார ஏரிகள்ல தூண்டில் போடற பசங்களுக்கு மாட்டறது பெரும்பாலும் இதுதான். மழைக்காலத்துல ஏரி நிரம்பி கலங்கல்ல தண்ணி போனா, அது அடையாறு வழியா முடிச்சூர், திருநீர்மலை, சைதாப்பேட்டை எல்லாம் தாண்டி முகத்துவாரத்துக்குப் போயிடும். அங்க உப்புத் தண்ணி. ஜிலேபி அங்கயும் பிழைக்கும்.

எப்படின்னா, மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு ஒரு சின்ன சுரப்பி. மீனுக்கும் இருக்கு, நமக்கும் பட்டாணி அளவுல இருக்கு. ஜிலேபியோட பிட்யூட்டரியில புரோலாக்டின் சுரக்கிற செல்கள் இருக்கு. ரத்தம் கொஞ்சம் நீர்த்தா அந்த செல்களே லேசா உப்பும். உப்பினதும் புரோலாக்டினை வெளியே விடும். அந்த ஹார்மோன் செவுளுக்குப் போய் "உப்பை விடாதே, உள்ள இழு" என்று சொல்லும்.

உப்புத் தண்ணிக்குள்ள போனா புரோலாக்டின் குறையும். கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் ரெண்டும் சேர்ந்து செவுளை மாத்தி அமைக்கும். உப்பை உள்ள இழுத்த செவுள், உப்பை வெளியே தள்ற செவுளா மாறும். மீன் அதேதான். மாறினது ஆணை மட்டும்தான்.

ஆனா இந்த மாற்றத்துக்கு நேரம் வேணும். ஏரி ஜிலேபியைத் தூக்கி நேரா முழு கடல் தண்ணியில போட்டா பெரும்பாலும் செத்துடும். பாதி உப்புள்ள தண்ணியில கொஞ்ச நாள் வெச்சுட்டு அப்புறம் மாத்தினா வாழும். நம்ம ஈசிஆர்ல முட்டுக்காட்டுல மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தோட நிலையம் இருக்கு. 1997ல இந்தியாவுலயே முதல் முறையா கொடுவா மீனை அடைப்புல வெச்சு குஞ்சு பொரிக்க வெச்சவங்க. கொடுவா முட்டை போடறது உப்புத் தண்ணியில; வளர்றது நல்ல தண்ணிக் குளத்துலயும் நடக்கும். குஞ்சுகளைக் குளத்துல விடறதுக்கு முன்னாடி உப்பைப் படிப்படியா குறைச்சுத்தான் பழக்குவாங்க. அவசரப்பட்டா குஞ்சு தங்காது. இந்த "படிப்படியா"ங்கறதை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வரும்.

இப்போ முக்கியமான கதை. அமெரிக்காவோட கிழக்குக் கரை முகத்துவாரங்கள்ல கில்லிஃபிஷ்னு ஒரு சின்ன மீன். உப்புத் தண்ணி, நல்ல தண்ணி ரெண்டுலயும் வாழும். அதோட பிட்யூட்டரியை அறுவை சிகிச்சை செஞ்சு எடுத்துட்டா? கடல் தண்ணியில உயிரோட இருக்கும். நல்ல தண்ணியில விட்டா சில நாள்ல உடம்புல உப்பு வடிஞ்சு செத்துடும். தீனி போட்டாலும் சரி, போடாட்டியும் சரி.

1959ல கிரேஸ் பிக்ஃபோர்ட் என்ற விஞ்ஞானியும் அவரோட சக ஆய்வாளரும் ஒரு முடிவை வெளியிட்டாங்க. பிட்யூட்டரி இல்லாத அந்த மீனுக்கு புரோலாக்டின் மட்டும் ஊசி போட்டா நல்ல தண்ணியிலயும் பிழைச்சுக்குது. பாலூட்டிகளுக்குப் பால் சுரக்க வைக்கிற ஹார்மோன், பாலே இல்லாத மீனுக்கு உயிர் காக்குது!

புரோலாக்டினோட வேலை நமக்கு மாறிடுச்சு. மனுஷங்க உடம்புல உப்பைப் பார்த்துக்கறது அது இல்லை. ஆனா ஆணை கிளம்பற இடம் மாறலை. தண்ணியைப் பிடிச்சு வைக்கச் சொல்லி கிட்னிக்கு உத்தரவு போடற ஏடிஎச் ஹார்மோன் பிட்யூட்டரி வழியாத்தான் வருது. மீன்ல இருக்கிற வாசோடோசினுக்கும் நம்ம ஏடிஎச்சுக்கும் ஒன்பது அமினோ அமிலத்துல ஒண்ணே ஒண்ணுதான் வித்தியாசம். கார்டிசாலைச் சுரக்கச் சொல்லி அட்ரினல் சுரப்பிக்கு உத்தரவு போறதும் இதே பிட்யூட்டரியில இருந்துதான். கார்டிசால் இல்லைன்னா ஏடிஎச்சுக்குக் கடிவாளம் இல்லை. கிட்னி தண்ணியை வெளியே விடாது. ரத்தம் நீர்த்துப்போகும். சோடியம் இறங்கும்.

அந்த மீனுக்கு உப்பு வடிஞ்சு ரத்தம் நீர்த்துச்சு, நமக்குத் தண்ணி தேங்கி நீர்க்குது. வழி வேற. ஆனா ரெண்டு இடத்துலயும் காணாமப் போனது பிட்யூட்டரியோட குரல்.

இப்போ அந்த நைட்டுக்குத் திரும்பலாம். பொண்ணுகிட்ட கேட்டேன்: "உங்களுக்கு அப்புறம் அம்மாவுக்குக் குழந்தை இருக்காம்மா?"

"இல்லை டாக்டர், நான் ஒருத்திதான்."

"நீங்க பிறந்தப்போ அம்மாவுக்கு ரத்தம் நிறைய போச்சா?"

"ஆமா. அஞ்சு பாட்டில் ரத்தம் ஏத்திப் பிழைக்க வெச்சாங்கன்னு பாட்டி சொல்வாங்க. எனக்கு அம்மா பாலே இல்லையாம். பாட்டி தேடித் தேடி பால் சுறா வாங்கிட்டு வந்து புட்டு செஞ்சு குடுத்தாங்களாம். அப்படியும் வரலை. புட்டிப்பால்தான். அம்மாவுக்கு அதுக்கப்புறம் பீரியட்ஸும் வரலை."

இதுக்குப் பேரு ஷீஹன் சிண்ட்ரோம். 1937ல ஹரால்ட் ஷீஹன் என்ற மருத்துவர் விளக்கி எழுதினது. கர்ப்ப காலத்துல பிட்யூட்டரி பெருசாகும், அதுக்கு ரத்த ஓட்டமும் அதிகம் தேவைப்படும். பிரசவத்துல ரத்தம் கொட்டி பிபி விழுந்தா, பிட்யூட்டரியோட முன்பகுதி ரத்தம் இல்லாம செத்துப்போகும். முதல்ல தெரியறது பால் வராதது. அப்புறம் மாதவிடாய் திரும்ப வராது. வருஷக்கணக்கா சோர்வு, குளிர் தாங்காது, அக்குள் முடி உதிர்ந்துடும், தைராய்டு குறையும். ஒரு நாள் சாதாரண காய்ச்சலோ வாந்தியோ வரும். அதைச் சமாளிக்க கார்டிசால் இருக்காது. சோடியம் சரிஞ்சு மயக்கத்துல வந்து நிப்பாங்க. கண்டுபிடிக்க பத்து, இருபது வருஷம் ஆகறதும் உண்டு.

அந்தப் பாட்டி வாங்கின சுறாவுல எந்தக் குறையும் இல்லை. பாலுக்கு ஆணை போட வேண்டிய இடம் போயிருந்தது. அந்தப் பொண்ணு போட்ட உப்புலயும் குறை இல்லை. உப்பையும் தண்ணியையும் நிர்வாகம் பண்ணச் சொல்ல வேண்டிய இடமும் அதேதான்.

ரத்தம் எடுத்து கார்டிசாலுக்கு அனுப்பிட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டோம். எந்த அரசு மருத்துவமனையிலயும் இருக்கிற சாதாரண மருந்து. மறுநாள் காலையில அந்த அம்மா எழுந்து பொண்ணு பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க.

இங்கதான் அந்த "படிப்படியா" வருது. ஹைட்ரோகார்டிசோன் போட்டதும் மதகைத் திறந்த மாதிரி சிறுநீர் போகும், சோடியம் வேகமா ஏறப் பார்க்கும். 24 மணி நேரத்துல 8, 10 பாயிண்ட்டுக்கு மேல ஏற விடக்கூடாது. ஏறினா மூளை நரம்புகளோட உறையே பாதிக்கும், கை கால் பேச்சு போகலாம். அன்னிக்கு ராத்திரி முழுக்க சில மணி நேரத்துக்கு ஒரு தடவை சோடியம் பார்த்தோம். கொடுவாக் குஞ்சுக்குக் காட்டற நிதானம் மனுஷ மூளைக்கும் வேணும்.

இப்போ என் கருத்துக்கு வர்றேன்.

"உங்களுக்கு உப்பு கம்மி" என்று சோடியம் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்றதை நாம நிறுத்தணும். டாக்டர், நர்ஸ், லேப், மருந்துக்கடை எல்லாரும்தான். சோடியம் குறைவுன்னா பெரும்பாலும் அர்த்தம், உப்போட ஒப்பிட்டா உடம்புல தண்ணி அதிகம்னு. தண்ணி ஏன் தேங்குச்சுங்கற கேள்வியைக் கேட்காம உப்பு டப்பாவைக் கையில குடுத்தா, ஒரு நோயை சமையல் குறையா மாத்திடறோம். பழி அடுப்படியில நிக்கிற பொண்ணு மேல விழுது.

"ஓபில ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கான பேர் வர்றப்போ இதெல்லாம் கேட்க நேரம் ஏது?" என்று என் சக டாக்டர்கள் கேட்பாங்க. நியாயம்தான். எனக்கும் அதே ஓபிதான். ஆனா பிரசவம் பத்தின கேள்விக்கு அரை நிமிஷம் போதும். கேட்காததால அந்த அம்மா மூணு வருஷத்துல மூணு தடவை அட்மிட் ஆனாங்க. எது நேர விரயம்?

"அப்போ யாருக்குமே உப்பு குறையாதா?" குறையும். பேதி, கடுமையான வாந்தி, வெயில்ல வேர்த்துக் கொட்டற வேலை, இதுலெல்லாம் உப்பும் தண்ணியும் சேர்ந்து போகும். அதுக்கு ஓஆர்எஸ், பாக்கெட்ல போட்டிருக்கிற அளவுப்படி கரைச்சு. வெறும் தண்ணி மட்டும் குடம் குடமா குடிச்சா சோடியம் இன்னும் இறங்கும்.

பிபி இருக்கிறவங்க இதைப் படிச்சுட்டு ஊறுகாய் பாட்டிலைத் திறக்க வேண்டாம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்புன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றது சரிதான். உப்பு அதிகமா சாப்பிட்டா ரிப்போர்ட்ல சோடியம் ஏறாது. தாகம் எடுக்கும், தண்ணி குடிப்பீங்க, உடம்பு தண்ணியைப் பிடிச்சு வெச்சு விகிதத்தைச் சரி பண்ணிடும். ஏறப்போறது பிபி.

சரி, வீட்டுல யாருக்காவது சோடியம் 130க்குக் கீழே வந்தா டாக்டர்கிட்ட என்ன சொல்லணும்?

1. என்னென்ன மாத்திரைன்னு முழு லிஸ்ட். முக்கியமா பிபிக்குக் குடுக்கிற ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், ஃபிட்ஸுக்கான கார்பமசிபின், மன அழுத்தத்துக்கான எஸ்சிட்டாலோபிராம் மாதிரி மருந்துகள். வயசானவங்களுக்கு சோடியம் இறங்க அடிக்கடி காரணம் இவைதான். ஆனா நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர் மாத்திக் குடுப்பார்.

2. ஸ்டீராய்டு மாத்திரையோ, மூட்டுவலிக்கு, உடம்பு ஏறன்னு விக்கிற பேர் தெரியாத பொடியோ மாசக்கணக்கா சாப்பிட்டு திடீர்னு நிறுத்தினீங்களா? அப்போ பிட்யூட்டரி தூங்கிப்போயிருக்கும். உடனே எழுந்திருக்காது.

3. பெண்களா இருந்தா: பிரசவத்துல ரத்தம் அதிகமா போச்சா, பால் வந்துச்சா, மாதவிடாய் திரும்ப வந்துச்சா? இருபது வருஷம் ஆயிருந்தாலும் சொல்லுங்க.

4. ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிக்கறாங்க? நுரையீரல், இதயம், கல்லீரல், கிட்னி பிரச்சினை இருக்கா? இவற்றுல பலருக்குத் தண்ணியைக் குறைக்கிறதுதான் வைத்தியம். சிலருக்கு சாதாரண சலைன் ஏத்தினா இன்னும் இறங்கும்.

இன்னொண்ணு. ஷீஹன் இருக்கிறவங்களுக்கு டிஎஸ்எச் மட்டும் பார்த்தா நார்மலாவே காட்டலாம். டி4 சேர்த்துப் பார்க்கணும். தைராய்டு குறைவுன்னு கார்டிசாலைச் சரிபண்ணாம தைராக்ஸின் மட்டும் ஆரம்பிச்சா ஆபத்து. முதல்ல ஸ்டீராய்டு, அப்புறம்தான் தைராய்டு மாத்திரை.

அந்த அம்மா இப்போ தினமும் ரெண்டு வகை மாத்திரை. ஆயுசுக்கும் நிறுத்தக்கூடாது, காய்ச்சல் வந்தா ஸ்டீராய்டை ரெட்டிப்பாக்கணும், வாந்தி வந்து மாத்திரை தங்கலைன்னா ஊசிக்கு ஓடி வரணும். இதையெல்லாம் ஒரு அட்டையில எழுதி பொண்ணு லேமினேட் பண்ணி வெச்சிருக்கு.

போன தடவை ரிவியூ வந்தப்போ சோடியம் 138. பொண்ணு கேட்டுச்சு: "டாக்டர், இனிமே குழம்புல உப்பு எவ்ளோ போடறது?"

"மத்த வீட்டுல போடற அளவுதான்மா. உன் சமையல்ல என்னிக்குமே தப்பு இல்லை."

உங்க வீட்டுலயோ தெரிஞ்சவங்க வீட்டுலயோ, பிரசவத்துல ரத்தம் நிறைய போயி, பால் வராம, அதுல இருந்து "எப்பவும் முடியலை" என்று சொல்லிக்கிட்டே இருக்கிற அம்மா யாராவது இருந்தா இந்த இழையை அவங்க பிள்ளைகளுக்கு அனுப்புங்க. பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போய், காலை எட்டு மணி கார்டிசால் டெஸ்ட் பார்க்கலாமான்னு கேளுங்க.